குழி வெட்டாமல் பந்தல் போடலாமா? பழனி நடைபாதையின் குப்பையும் கழிவும்

கேள்வி: டிசம்பர் 20, 2024

ஈரோட்டிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி வரை நடக்கப் போகிறோம். நாற்பது பேர், இது ஐந்தாவது ஆண்டு. போன முறை தாராபுரம் சாலை நெடுகப் பாட்டிலும் தட்டும் காலில் இடறின. இந்த முறை ஆளுக்கு ஒரு சாக்கு எடுத்துப் போய்ப் பொறுக்கிக்கொண்டே நடக்கலாம் என்று இருக்கிறோம். இது போதுமா? நடந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஊதியூர்க்காரி: டிசம்பர் 21, 2024

போதாது தம்பி. பொறுக்குவது நல்ல காரியம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் நீங்கள் சாலையில் பார்த்தது பாதிதான். மீதி இட்டேரிக்குள், அதாவது இரண்டு வேலிக்கு நடுவே போகும் மண்பாதைக்குள் கிடக்கிறது. அதை எடுத்து யாரும் சாக்கில் போடப் போவதில்லை.

எங்கள் தோட்டம் காங்கயம் – தாராபுரம் சாலையில், ஊதியூருக்குப் பக்கத்தில். சாலையை ஒட்டி நான்கு ஏக்கர் கொறங்காடு (மாடு மேய்கிற புல்நிலம்), சுற்றிலும் கிளுவை வேலி. எங்கள் வேலிக்கும் பங்காளி வேலிக்கும் நடுவே இட்டேரி. தை பிறந்துவிட்டால் பச்சையும் காவியுமாக ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பூசம் முடியும் வரை இரவு பகல் ஓயாது. நானும் பதினோரு ஆண்டுகளாக நடக்கிறேன். அதனால் நடக்கிறவள், காட்டுக்காரி (எங்கள் பக்கம் சொந்த நிலத்தையும் காடு என்போம்) என்று இரண்டு பக்கமும் நின்று இதை எழுதுகிறேன்.

பூசத்துக்கு மறுநாள் இட்டேரிக்குள் போய்ப் பாருங்கள். உட்கார்ந்து எழுந்த ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு பாட்டில் கிடக்கும். ஒரு லிட்டர் பாட்டில். அடியில் கால்வாசித் தண்ணீர், மூடி தனியாக. கழுவுவதற்குக் கொண்டுபோன தண்ணீர் அது. கழுவிய பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு யார் திரும்பி வருவார்கள்? அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாட்டிலைப் பொறுக்குகிறவர்களும் தொட மாட்டார்கள், பழைய சாமான்காரரும் தொட மாட்டார். வேலிக்குள் ஆண்டுக்கணக்காகக் கிடந்து வெளுத்து நொறுங்கும்.

ஆகவே பாட்டில் குப்பை வேறு, மலக்கழிவு வேறு என்று நான் பிரிப்பதில்லை. ஒதுங்க ஓர் இடம், அங்கே ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு குவளை இருந்தால் அந்தப் பாட்டில் இட்டேரிக்குள் வந்தே இருக்காது.

டிசம்பர் 21, இரவு

ஒன்று விட்டுப்போனது. நிறைந்த சாக்கை எங்கே இறக்குவது என்று புறப்படுவதற்கு முன்பே அந்தந்த ஊராட்சியில் பேசி வையுங்கள். போன ஆண்டு ஒரு குழுவினர் எட்டுச் சாக்கு நிறையப் பொறுக்கி, எங்கள் வேலியோரம் வரிசையாகச் சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல மனசுதான். இரவோடு இரவாக நாய்கள் கிழித்துவிட்டன. விடிந்து பார்த்தால் சாலையில் இருந்ததெல்லாம் காட்டுக்குள் பரவிக் கிடக்கிறது.

டிசம்பர் 24, 2024

கோவையிலிருந்து ஒருவர், வெளிநாட்டு மலைநடைக்காரர்கள் செய்வதுபோல ஆளுக்கு ஆள் குழி தோண்டி மூடலாமே என்கிறார். சரியான யோசனை. அவர்களுடைய கணக்கு இது: ஆறு முதல் எட்டு அங்குல ஆழம், தண்ணீருக்கும் பாதைக்கும் தங்கும் இடத்துக்கும் 200 அடி தள்ளி. அந்த ஆழத்தில் மேல்மண்ணின் உயிர்கள் மக்க வைக்கும், ஈ மொய்க்காது, நாய் பறிப்பதும் குறையும். மலத்தின் மேல் மண்ணைப் போடுங்கள் என்று காந்தி ஊர் ஊராகச் சொன்னதும் இதைத்தான்.

குழுவில் ஐந்து பேருக்கு ஒரு களைக்கொத்து கொண்டுபோனால் போதும். விலையும் அதிகமில்லை, எடையும் இல்லை. எங்கள் குழுவில் இந்த ஆண்டு இதைச் செய்யப் போகிறோம்.

டிசம்பர் 27, 2024

"வெயிலில் காய்ந்து ஒரு வாரத்தில் மண்ணாகிவிடும், எதற்கு இவ்வளவு பேச்சு" என்று எழுதிய பெரியவருக்கு.

ஐயா, நாம் செருப்பில்லாமல் நடக்கிறோம். கொக்கிப்புழு வாய் வழியாக வருவதைவிடப் பெரும்பாலும் வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் போகிறது. மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை ஓரிரு நாளில் பொரிக்கிறது. ஐந்து முதல் பத்து நாளில் அந்தக் குஞ்சுப்புழு தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. நிழலும் ஈரமும் இருந்தால் மூன்று நான்கு வாரம் உயிரோடு காத்திருக்கும். சுட்டெரிக்கும் வெயிலில் அது செத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் நாம் வெட்ட வெயிலில் போயா உட்காருகிறோம்? மறைவு தேடி இட்டேரி நிழலுக்குள் போகிறோம். தை மாதத்துப் பனி வேறு.

தை முதல் வாரம் நடந்தவர் விட்டுப்போனது, பூசத்துக்கு முந்தின நாள் நடக்கிறவர் காலில் ஏறுகிறது. நடந்து வந்த பிறகு பாதத்தில் அரிப்பு, அப்புறம் மாதக்கணக்கில் சோகை. எங்கள் வீட்டிலேயே ஒருவருக்கு ரத்தம் குறைந்து, பல பரிசோதனைகளுக்குப் பிறகு புழு என்று தெரிந்தது. அதற்குக் காரணம் நடைதான் என்று நான் சாதிக்க மாட்டேன். தோட்டத்து மண்ணாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தோட்டத்து மண்ணும் இதே இட்டேரிதான்.

ஜனவரி 3, 2025

அன்னதானப் பந்தல் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

காங்கயத்திலிருந்து தாராபுரம் வரை முப்பது கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் போன பூசத்தில் நான் எண்ணியது பத்தொன்பது பந்தல்கள். இட்லி, எலுமிச்சைச் சாதம், சுண்டல், மோர், பால், மருந்து, கால் பிடித்துவிட ஆள். கொங்கு நாட்டின் கை தாராளமான கை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பத்தொன்பது பந்தலில் ஒன்றில்கூடக் கழிப்பிடம் இல்லை. வயிறு நிறையச் சோறு போடுகிறோம், மோர் ஊற்றுகிறோம், "சாமி இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சிப் பரிமாறுகிறோம். அது மறுபடி எங்கே இறங்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பந்தல் போடுகிறவரே குழியும் வெட்ட வேண்டும். ஒரு பந்தல், ஒரு குழி. நான் இங்கே சொல்ல வந்தது இதுதான்.

தட்டு விஷயம் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் மட்டுமல்ல, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் காகிதக் கப்பும், தண்ணீர்ப் பாக்கெட்டும் தடை. காகிதம்தானே என்று வாங்குகிறார்கள். கப்பை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் கிழித்துப் பாருங்கள், உள்ளே மெல்லிய தோல் மாதிரி உரிந்து வரும். அதுதான் எங்கள் கொழுக்கட்டைப் புல்லுக்குள் கிடக்கிறது.

வாழையிலையும் பாக்கு மட்டையும் இருக்கும்போது இது எதற்கு? இலையை வேலியோரம் போட்டாலும் மாடு தின்றுவிடும், கவலையே இல்லை.

ஜனவரி 5, 2025

மேலே கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அதை எழுதிவிட்டு இரண்டு இரவு தூக்கம் சரியில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் காட்டில் ஒரு காங்கயம் கிடாரி போய்விட்டது. பக்கத்துப் பந்தலில் மீந்த சோற்றை இலையோடு வேலியோரம் கொட்டியிருந்தார்கள். இரண்டு அண்டா இருக்கும். விடிவதற்குள் வயிறு நிறைய ஏற்றிக்கொண்டது. வெந்த சோறு அளவுக்கு மீறிப் போனால் மாட்டின் இரைப்பையில் புளித்து அமிலம் ஏறிவிடும். காலையில் பார்த்தால் வயிறு உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. நிற்க முடியாமல் படுத்தது, எழவில்லை. வைத்தியர் வந்தபோது நேரம் கடந்துவிட்டது. 

இதை மறந்து எப்படி அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. மாட்டைக் குப்பைத்தொட்டி ஆக்குவது எனக்கே பழகிப்போயிருக்கிறது. இலையானாலும் சரி, மீந்த சோறானாலும் சரி, குழிக்குள் போக வேண்டும். மேலே மண் விழ வேண்டும்.

ஜனவரி 12, 2025

டிசம்பர் 24 அன்று எழுதியதையும் திருத்த வேண்டியிருக்கிறது.

நேற்று எங்கள் காட்டிலேயே களைக்கொத்தை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்த பிறகு, நடக்கிறவர்கள் வருகிற நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில். செம்மண், கீழே சுக்கான் கல். மழை நின்று வாரக்கணக்காகிவிட்டது. நாலு கொத்துக்கு இரண்டு அங்குலம். ஆறு அங்குலம் போவதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது, கையில் கொப்புளம். பகலெல்லாம் நடந்து, தொடை இறுகி, அவசரமாக ஒதுங்கும் ஒருவர் பதினைந்து நிமிடம் குழி தோண்ட மாட்டார். நானே தோண்ட மாட்டேன்.

இன்னொன்று, அந்த வெளிநாட்டுக் கணக்கு ஆள் நடமாட்டம் குறைந்த வனத்துக்கு உரியது. அங்கே மண் இலைமக்கு, ஒரு நாளைக்கு ஒரு பாதையில் சில பேர். இங்கே ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். சாலைக்கு இரண்டு பக்கமும் இருப்பது வனம் அல்ல, யாரோ ஒருவருடைய காடு, அவருடைய கிணறு. ஆளுக்கு ஒரு குழி என்றால் வேலியோரம் முழுக்கச் சல்லடை. அவர்களுமே ஆள் கூடுகிற இடத்தில் இந்த முறையை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் அப்பலேசியப் பாதை என்று சுமார் 3,500 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. அதில் தங்குமிடங்களுக்குப் பக்கத்தில் மக்கும் கழிப்பறை வைத்திருக்கிறார்கள். போய்விட்டு வருகிறவர் ஒரு கை இலைச்சருகு அள்ளிப் போட வேண்டும். நமக்குப் பொருந்துவது அந்த முறைதான். முன்கூட்டியே வெட்டிய பொதுக் குழி, பக்கத்தில் அள்ளிப் போட ஏதாவது ஒன்று.

களைக்கொத்து வாங்கிவிட்டவர்கள் கோபிக்க வேண்டாம். பாதை தவறி அவசரம் வந்தால் உதவும்.

ஜனவரி 19, 2025

முகாம்களுக்குச் சுகாதாரத் துறையினர் சொல்கிற அகழிக் கழிப்பிடத்தின் அளவு: ஓரடி அகலம், மூன்று முதல் ஐந்தடி ஆழம், நூறு பேருக்குப் பத்தடி நீளம். மேலிருந்து ஓரடி மீதி இருக்கும்போதே மண் போட்டு மூடிவிட வேண்டும். கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி. எங்கள் பக்கம் கிணறெல்லாம் பாறை வெடிப்பு வழியாக ஊற்று வருவது. அதனால் நான் 200 அடி என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது மாமனார் ஒரே வார்த்தையில் முடித்தார்: "நம் காட்டுக்குள் ஊரார் கழிவா? ஆகாது அம்மணி."

நான் வாதாடவில்லை. மறுநாள் காலையில் அவரை இட்டேரிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள்ளேயே அடி எடுத்து வைக்க இடமில்லை. அவர் கைத்தடியால் ஒரு பாட்டிலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ஊரார் கழிவு ஏற்கெனவே நம் காட்டுக்குள்தான் இருக்கிறது மாமா. நான் கேட்பது அதற்கு ஒரு குழி" என்றேன். பதில் இல்லை. மாலையில் கடப்பாரையும் இரண்டு ஆட்களும் வந்து நின்றார்கள்.

இரண்டு அகழி. மூன்றடிக்கு மேல் பாறை இறங்க விடவில்லை. கால் வைக்கப் பனஞ்சட்டம், மறைப்புக்குப் பச்சை நிழல்வலையைவிடத் தென்னங்கீற்றுத் தட்டி. வலை இரவில் விளக்குப் போட்டால் உள்ளே இருப்பவரைக் காட்டிவிடுகிறது. நின்று பார்த்த பிறகுதான் தெரிந்தது. மேலே போட, காங்கயத்து அரிசி ஆலையிலிருந்து உமிச்சாம்பல் பத்து மூட்டை. ஒரு மூட்டை தென்னை நார்த்தூளும் வாங்கியிருக்கிறேன். இரண்டில் எது நல்லது என்று பார்த்துச் சொல்கிறேன்.

ஜனவரி 20, 2025

பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று கேட்டவருக்கு: அகழிக்குள் வேண்டாம். மக்க வைக்கிற நுண்ணுயிரையும் சேர்த்துக் கொன்றுவிடும். கால் வைக்கிற சட்டத்தைக் கழுவ மட்டும் போதும்.

பிப்ரவரி 13, 2025

பூசம் 11ஆம் தேதி முடிந்தது. பழனியிலிருந்து நேற்றுதான் திரும்பினேன், கால் வீக்கம் இன்னும் இறங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் அகழிப் பக்கம் யாரும் வரவில்லை. அது என்ன என்றே தெரியவில்லை. தட்டிமேல் சாக்கட்டியால் எழுதியிருந்தது இருட்டில் யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் பக்கத்துப் பந்தல்காரர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டேன். மோர் கொடுக்கும்போதே, "சாமி, ஒதுங்க இடம் இருக்கிறது, விளக்கு எரிகிற பக்கம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த ஒரு வாக்கியம் செய்த வேலையை எந்தப் பலகையும் செய்யவில்லை. அன்று இரவு வரிசை நின்றது.

வரிசையில் முக்கால்வாசி பெண்கள். இரண்டு அகழியையும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தது என் தவறு. பேரிடர் முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கிற கணக்கில், ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. முதல் கட்டத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. நான் வைத்தது எந்த மூலைக்கு? நான்காம் நாள் ஆண்களுடைய அகழியையும் பெண்களுக்கே விட்டுவிட்டு, ஆண்களுக்குப் புதிதாக ஒன்று வெட்டினோம்.

சாம்பல் நன்றாக வேலை செய்தது. ஒரு கொட்டாங்குச்சி அளவு போட்டால் வாடை அமுங்குகிறது, ஈ உட்காரவில்லை. ஆனால் காற்றடித்தால் கண்ணில் பறக்கிறது. நார்த்தூள் பறக்காது, ஈரத்தையும் குடித்துக்கொள்கிறது. இரண்டையும் கலந்து வைத்தது பிற்பாடு. அதுதான் சரி.

தண்ணீருக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டி, சங்கிலி கோத்த எவர்சில்வர் சொம்பு இரண்டு. முதல் நாளே ஒரு சொம்பு காணாமல் போனது. பிறகு பிளாஸ்டிக் குவளைக்கு அடியில் ஓர் ஓட்டை போட்டுக் கட்டி வைத்தோம். கழுவுவதற்கு ஓட்டை தடையில்லை, வீட்டுக்குக் கொண்டுபோக யாருக்கும் ஆசை வராது.

நேற்று மாலை இட்டேரிக்குள் போய் எண்ணினேன். போன ஆண்டு எங்கள் வேலி நீளத்துக்கு 212 பாட்டில் எடுத்தேன். இந்த ஆண்டு 61. அந்த 61இலும் பாதிக்கு மேல் முதல் இரண்டு நாளில் விழுந்தவையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 16, 2025

தாராபுரம் சாலையில் தூய்மைப் பணியாளர்கள் இன்னும் வாரிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஓர் அக்காவுக்கு இன்று காலை டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசினேன்.

கையுறை கொடுத்திருக்கிறார்கள். கட்டை விரல் பக்கம் கிழிந்திருக்கிறது. தட்டுகளை அள்ளுவது கஷ்டமில்லை என்றார். "பாட்டில்தான் அக்கா. தூக்கும்போது எடை தெரியும். வெறும் பாட்டில் என்றால் கை மேலே போய்விடும். கனமாக இருந்தால் அது தண்ணீர் இல்லை என்று தெரிந்துகொள்வேன்." வண்டியில் போகிறவர்கள் நிறுத்த நேரமில்லாமல் பாட்டிலில் சிறுநீர் கழித்து மூடி, ஜன்னல் வழியாக எறிந்தது. அவர் மூடியைத் திறந்து ஓரமாகக் கொட்டிவிட்டு வெறும் பாட்டிலைச் சாக்கில் போடுகிறார். இல்லாவிட்டால் எடை போடுகிற இடத்தில் வாங்க மாட்டார்களாம்.

கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. இந்த அக்கா செய்கிற வேலைக்கு அந்தச் சட்டத்தில் என்ன பெயரோ, எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நாம் முருகனுக்கு நேர்ந்துகொண்டு நடக்கிறோம், நம் புண்ணியத்தின் மிச்சத்தை அவர் கையால் அள்ளுகிறார். அதற்குமேல் இன்று எழுத மனமில்லை.

பிப்ரவரி 20, 2025

மற்ற இடங்களில் எப்படி என்று கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை.

வெள்ளியங்கிரி மலைக்கு நம்மில் பாதிப் பேர் போயிருப்பீர்கள். பூண்டி அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதிக்கிறார்கள். பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். இறங்கி வந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காசு ஒட்டிய பாட்டிலை யாரும் எறிவதில்லை, எறிந்தாலும் இன்னொருவர் எடுத்துவிடுகிறார்.

ஆனால் வெள்ளியங்கிரிக்கு வாசல் ஒன்று. பழனிக்கு? ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர், பொள்ளாச்சி என்று எல்லாத் திசையிலிருந்தும் சாலை. எந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது? அதனால் நமக்கு அது பொருந்தாது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது யோசித்தால், ஒவ்வொரு பாதயாத்திரைக் குழுவுக்கும் ஒரு குருசாமி இருக்கிறார். மாலை போடுகிற அன்றைக்கே ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில், அதன் கழுத்தில் குழுவின் நிறத்தில் நூல். பழனியில் முடி இறக்குவதற்கு முன் பாட்டிலைக் காட்ட வேண்டும் என்று குருசாமி சொன்னால் அதற்கு மறுபேச்சு உண்டா?

சபரிமலையில் 2011இல் தொடங்கிய புண்ணியம் பூங்காவனம், போகிற பக்தரையே ஒரு மணி நேரம் துப்புரவு செய்யச் சொன்னது. மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டர்பூருக்கு வாரக்கணக்கில் நடக்கிறார்கள். அங்கே பல்லக்கு தங்குகிற ஊர்களில் நடமாடும் கழிப்பறைகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், நிர்மல் வாரி என்று பெயர். பல்லக்குக்கு நாளும் இடமும் முன்பே தெரியும், அதனால் வண்டி சரியாகப் போய் நிற்கிறது. நம் குழுக்கள் ஆளுக்கு ஒரு நேரத்தில் ஆளுக்கு ஓர் இடத்தில் தங்குகின்றன. ஆனால் பந்தல்கள் ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் நிற்கின்றன. அதனால்தான் திரும்பத் திரும்பப் பந்தலையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 2, 2025

பெண்கள் விஷயத்தைத் தனியே எழுதச் சொல்லி ஒரு தங்கை கேட்டிருந்தாள்.

நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. அதுதான் உண்மை. பொழுது விடிந்தால் இருட்டும் வரை ஒதுங்க முடியாது என்று தெரிந்தே நாக்கை நனைத்துக்கொண்டு நடக்கிறோம். 2019இல் அலங்கியம் தாண்டி எனக்குக் கண் இருட்டிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். பந்தல்காரர் மோர் நீட்டுகிறார், நான் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறேன். தாகம் தொண்டையை அடைக்கிறது, குடிக்கவில்லை. நடந்து முடித்த பிறகு ஒரு வாரம் நீர்க்கடுப்பு. இதை எந்த ஆணிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

மாதவிலக்கு நாப்கினையும் குழந்தை டயப்பரையும் அகழிக்குள் போடாதீர்கள். அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக், மக்காது. தட்டிக்குள் மூடி போட்ட ஒரு வாளியும் பழைய செய்தித்தாளும் வைத்தோம். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் பயன்படுத்தினார்கள்.

ஏப்ரல் 14, 2025

பங்குனி உத்திரம் 11ஆம் தேதி முடிந்தது. கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடி கட்டிப் போகிறவர்கள் இந்த முறை எங்கள் பக்கமும் வந்தார்கள். கூட்டம் பூசத்தின் அளவுக்கு இல்லை. ஆண்களுக்கென்று கடைசியாக வெட்டிய அகழி மட்டும் திறந்திருந்தது, போதுமானதாக இருந்தது.

அந்தக் குழுவில் வயதான ஒருவர், என் அப்பாரு (தாத்தா) வயது இருக்கும், தோளில் தொங்கிய பையிலிருந்து பித்தளைச் சொம்பை எடுத்துக் காட்டினார். அறுபது ஆண்டுகளாக அதே சொம்பாம், விளிம்பு தேய்ந்து கத்தி மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு: "அப்போதும் இதே காடுதான் கண்ணு. ஆள் குறைவு, அவ்வளவுதான். திருவிழாவுக்குப் போகிறவனுக்குக் காலரா ஊசி போட்டு அனுப்பினார்கள்."

நவம்பர் 9, 2025

ஆறேழு மாதம் கழித்து வருகிறேன். மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது நடமாடுகிறார்.

பூசத்தன்று மூடிய பெண்கள் அகழியை ஐப்பசி மழைக்குப் பிறகு ஓர் ஓரத்தில் கடப்பாரை விட்டுப் பார்த்தோம். கறுப்பு மண், வாடை இல்லை. சாம்பல் மட்டும் இன்னும் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. இதைத் தோண்டி எடுத்துக் காய்கறிக்குப் போடலாமா என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். குடற்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதன்மேல் இரண்டு வெள்வேலம் கன்று வைத்திருக்கிறேன்.

பூசம் இந்த முறை பிப்ரவரி 1. போன முறை தையில் கடப்பாரை உடைகிற மண்ணோடு போராடினேனே, அது என் அறியாமை. மழை விட்ட கையோடு வெட்ட வேண்டும். நேற்று இரண்டே ஆட்கள், அரை நாளில் நான்கு அகழி. ஆட்டுக்குட்டி விழாமல் மேலே பனஞ்சட்டம் போட்டு மூடியாயிற்று. மூன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு.

பக்கத்துப் பந்தல்காரர்கள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இருவர் தங்கள் இடத்திலும் வெட்டுகிறார்கள். மூன்றாமவர் வாடகை இடம், சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும் என்கிறார். அந்தச் சொந்தக்காரரை இட்டேரிக்குள் கூட்டிக்கொண்டு போக மாமனார் தயாராக இருக்கிறார்.

ஈரோட்டுத் தம்பி, நீங்கள் இன்னும் இதைப் படிக்கிறீர்கள் என்றால்: சாக்கு கொண்டுவாருங்கள், நிறைந்ததை இறக்க எங்கள் ஊராட்சியில் பேசிவிட்டேன். அதோடு உங்கள் நாற்பது பேரில் ஐந்து பேர் ஒரு நாள் முன்னதாக வர முடியுமா? உமிச்சாம்பல் ஆலையில் தயாராக இருக்கிறது, இருபது மூட்டை. ஏற்றி இறக்க ஆள் வேண்டும்.